முன்கூட்டியே எடுத்த சேலை

கதவு சாத்திக்கொண்டது. தளவாய் அத்தானைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போன கட்டிலின் சக்கரச் சத்தம் அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். சும்மா உட்கார முடிகிறதா இப்போதெல்லாம், முதலில் கைப்பிடியைப் பிடிக்கணும், அப்புறம் முழங்காலிடம் ஒரு வார்த்தை கேட்கணும், அது சரி என்றால் மெல்ல இறங்கணும், கடைசி ஒரு சாண் தொப்பென்று விழுந்துதான் ஆகணும். விழுந்தார். பக்கத்தில் அக்கா. பிரமநாயகி என்று பெயர், ஊருக்கெல்லாம் பிரமு. அக்காளைப் பார்க்கக்கூடாது என்று காலையிலிருந்து ஒரு வைராக்கியம் அவருக்கு. பார்த்தால் சேலை தெரியும். சந்தன நிறச் சேலை, விரலகலத்துக்கு மங்கலாக ஒரு ஊதாக் கரை, ஜரிகை என்று ஒரு இழை கிடையாது. எடுத்தவர் அவர்தான். அக்காவுக்கென்று எடுத்ததுதான். ஆனால் இன்றைக்கு உடுத்த எடுத்ததில்லை. அது கோடிச்சேலை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அன்றைக்கே பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் கொண்டுபோய்ப் போடுகிற புதுச்சேலை. அதைப் போய் எவனாவது அத்தான் உயிரோடு நடமாடுகையிலேயே எடுத்து வைப்பானா? இவர் எடுத்தார். எடுத்து பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் ஒளித்தும் வைத்தார். அதைத்தான் அக்கா இப்போது உடுத்திக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, அத்தானுக்கு ஆபரேஷன் நடக்கிற வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அது என்ன சேலை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்.

"என்னல, ஒருமாதிரி இருக்க?" என்றாள் பிரமு. "ஒண்ணுமில்லக்கா." "ஆபரேஷன் அவுகளுக்கா, ஒனக்கா? மூஞ்சியப் பாரு, வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி." அவர் சிரித்துவைத்தார். எதிரே சுவரில் ஒரு டிவி, சத்தமில்லாமல் யாரோ ஒருத்தி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். குடலிறக்கம்தான், பெரிய ஆபரேஷன் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா, "வயசாயிட்டு, நெஞ்சும் பலமில்ல, மயக்க மருந்து குடுக்கிறதுதான் யோசனையா இருக்கு" என்று ஒரு வாலையும் ஒட்டவைத்தார். அந்த வால்தான் ஆவுடையப்பன் மனசுக்குள் அடித்துக்கொண்டு கிடக்கிறது. யோசனையா இருக்கு. டாக்டருக்கே யோசனை என்றால். அத்தானுக்கு இப்போது ஊசி போட்டிருப்பார்கள். இப்போது கண் செருகியிருக்கும். கண் செருகிய அத்தானின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அதுதான் கொடுமை, ஏற்கனவே மனசுக்குள் பார்த்துவிட்டார், அந்த முகத்தைப் பார்த்துத்தானே சேலையே எடுத்தார். வேண்டாம். கத்திரிக்காயைப் பார். அவள் காம்பை நறுக்காமல் விட்டுவிட்டாளே. காலையில் ஆட்டோவில் வரும்போது அக்கா முந்தானையை நீவிவிட்டுக்கொண்டு கேட்டாள்: "எப்படி இருக்குல சேலை?" "நல்லாருக்குக்கா." "பொறந்த வீட்டுச் சேலை. நல்லதுக்குப் போறப்ப இதத்தான் உடுத்தணும்னு தோணுச்சு. கலருதான் கொஞ்சம் மங்கலு, என்ன?" அதற்கு அவர் ஆட்டோக்காரனிடம், "பாத்துப் போப்பா, பள்ளம் இருக்கு" என்றார். பள்ளமே இல்லை.

பாழாய்ப்போன வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அவர் வீட்டில் இருந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. ஆபரேஷனுக்கு முன்னால் தம்பியை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று அக்கா வந்திருக்கிறாள், அந்த நேரம் பார்த்து இவர் ரேஷன் கடையில் பருப்புக்கு நின்றுகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பலாமா? மருமகள் செண்பகா தங்கமான பிள்ளை, அந்தத் தங்கம்தான் வினை. ரவிக்கைத் துணி ஏதாவது கிடக்குமா என்று பீரோவைக் குடைந்தவள் கையில் கடைப்பையோடு புதுச்சேலை அகப்பட்டிருக்கிறது. மாமா அத்தைக்கு எடுத்து வைத்துவிட்டுச் சொல்ல மறந்துவிட்டார் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். மூலையில் குங்குமம் தடவி, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு தட்டில் வைத்துக் கொடுத்தேவிட்டாள். இவர் பருப்புப் பையோடு வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்கிறாள்: "மாமா, அத்தைக்கு எடுத்து வச்சிருந்தீங்கல்ல, அந்தச் சேலையக் குடுத்துட்டேன். அத்தை கண்ணெல்லாம் கலங்கிட்டாங்க. ஏன் மாமா சொல்லவே இல்ல, மறந்துட்டீங்களா?" ஒரு நிமிஷம் அவருக்கு வாசல்படி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. "மறந்துட்டேம்மா" என்றார். "வயசானா அப்படித்தான் மாமா, விடுங்க" என்றாள், எவ்வளவு பிரியமாகச் சொன்னாள். மறதி என்று ஒன்று அவருக்கு வந்திருப்பது உண்மைதான், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவர்தான், ஆனால் இதை மறக்கவில்லையே, இதை ஒரு நாளும் மறக்கவில்லையே. வயசு என்பது இப்படியும் ஒரு வசதி. எதைச் செய்துவிட்டும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளலாம், யாரும் கம்பு கொண்டு கிளற மாட்டார்கள்.

எடுத்ததுதான் எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று கேட்டால் லோகு கையைப் பார்த்ததால் என்றுதான் சொல்ல வேண்டும். லோகு சின்னத் தங்கச்சி. அவள் வீட்டுக்காரர் ஒரு நாள் குளிக்கப் போன இடத்தில் அப்படியே சரிந்துவிட்டார். தகவல் வந்தபோது ஆவுடையப்பன் மில்லில் இருந்தார். அன்றைக்கென்று ஊரெல்லாம் கடையடைப்பு, ஒரு ஜவுளிக்கடை திறக்கவில்லை, போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பி, வழியிலும் அதே கதை, வெறுங்கையோடு போய் நின்றார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் லோகு. "பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா? அதுதான முதல்ல விழணும்?" என்று யாரோ ஒரு கிழவி கேட்டாள். அப்போது லோகு தலையை நிமிர்த்தினாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். இந்தக் கை, இந்தக் கை என்று இரண்டையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அந்த வீட்டிலேயே உடுத்தாமல் கிடந்த ஒரு சேலையை எடுத்து அவர் கையில் திணித்து, அதை வாங்கி அவர் போட்டு, எல்லாம் நடந்தது. லோகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். அவள் போய்ச் சேர்ந்தும் ஆகிவிட்டது, அவர் கை மட்டும் இன்னும் அந்த வாசலில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. போன மார்கழியில் அத்தானுக்கு நெஞ்சு வலி வந்து, "பொழைச்சது பெரிசு" என்று எல்லாரும் பேசிக்கொண்டபோதே இவருக்குள் ஒரு சத்தம்: இந்தத் தடவை தவறக்கூடாது. என்ன தவறக்கூடாது? அத்தான் பிழைத்துக்கொள்வது இல்லை. சேலை தவறக்கூடாது. அத்தானுக்கு நெஞ்சு வலிக்கிறது, மச்சினனுக்குச் சேலைக் கவலை. அந்த அத்தான் இவரை மில்லில் வேலைக்குச் சொல்லிச் சேர்த்துவிட்ட மனிதர், இவர் பெண்டாட்டி போனபோது பதினாறு முடிகிறவரைக்கும் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் கிடந்த மனிதர்.

அதிலும் எடுத்த அழகு இருக்கிறதே. ஆடி மாசம், தள்ளுபடி விற்பனை, கடைக்குள் ஜனம் தேர் இழுக்கிற மாதிரி. முழங்கால் இன்னும் ஒரு வருஷம் போனால் இந்த மாடிப்படி ஏறவிடாது, இப்போதே எடுத்து வைத்துவிட்டால் நிம்மதி என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஏறினார். சேலை விரித்துக் காட்டிய பெண், "யாருக்குப்பா?" என்றாள். "அக்காவுக்கு." "விசேஷத்துக்கா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா" என்றார். "அப்ப நல்லா அடர் கலரா எடுத்துப் போடுறேன்." "வேண்டாம்மா, மங்கலா, ஜரிகை இல்லாம." அந்தப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு ஒன்றும் கேட்காமல் வேறு அடுக்கிலிருந்து எடுத்தாள். இவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துணியை விரல் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாயம் பார்த்தார். அக்காவின் மாநிறத்துக்கு, பொட்டில்லாத நெற்றிக்கு, இது எடுப்பாக இருக்குமா என்று கூட நினைத்தார், அடப்பாவி, பொட்டை அழித்துவிட்டுப் பொருத்தம் பார்த்தார். பில் போட்ட பிறகு கட்டைப்பை கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது மனசு என்னமாய் லேசாக இருந்தது. அதற்கப்புறம் எத்தனையோ நாள், தூக்கம் பிடிக்காத மத்தியானங்களில், அந்தக் காட்சியை அவர் ஓட்டிப் பார்த்திருக்கிறார்: அத்தான் வீட்டு வாசலில் பந்தல், சங்கு ஊதுகிறான், பெண்கள் வழி விடுகிறார்கள், இவர் பையைப் பிரித்துச் சேலையை எடுக்கிறார், "ஆவுடையப்பன் பாரு, கையோட கொண்டாந்துட்டான்" என்று ஒரு குரல். அந்தக் குரல் எவ்வளவு இனிப்பாக இருந்தது. ஒரு மனிதனைக் கிடத்தினால்தான் கிடைக்கிற இனிப்பு. வயசானால் இப்படி ஆகிவிடுகிறது. கல்யாண வீட்டுக்குப் போனால் மூலையில் உட்கார்த்திவைத்து விடுகிறார்கள், எழவு வீட்டில்தான் கிழவனுக்கு வேலை இருக்கிறது, எந்தப் பக்கம் தலை வைக்கணும், யார் முதலில் தண்ணீர் எடுக்கணும் என்று கேட்டு நாலு பேர் வருகிறார்கள். சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தால் முதலில் பெயரைப் பார்க்கிறதில்லை, வயதைத்தான் பார்க்கிறார். தன்னைவிட மூத்தது என்றால் ஒரு சமாதானம், இளையது என்றால் அதைவிட ஒரு அசிங்கமான சமாதானம். இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா?

இப்போது அந்தச் சேலையே போய் அத்தானை இழுத்தால்? அதற்கென்று எடுத்த துணி அதன் வேலையைச் செய்யாமல் போகுமா? மூடத்தனம் என்று மகன் சொல்வான். மகன் என்னவும் சொல்வான், அவன் எடுக்கவில்லையே. எப்படியாவது அக்கா உடம்பிலிருந்து அதை இறக்கிவிட்டால் போதும். "அக்கா, ஏசி குளிருதே, பையில வேற சேலை இருக்குல்லா, கனமா, மாத்திக்கயேன்." "குளிருதா? எனக்கு வேத்து ஊத்துது." கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, ஆஸ்பத்திரி சேரு, எவன் எவனோ உக்காந்தது, புதுச்சேலை அழுக்காயிரும்." "அழுக்கானா தொவைச்சுக்கிடலாம். ஒனக்கு என்னல இன்னிக்குச் சேலை மேலயே கண்ணு? கட்டிப் பாக்குதியா?" பக்கத்து நாற்காலிக்காரி சிரித்துவிட்டாள். இவர் எழுந்து போய்க் காப்பி வாங்கி வந்தார். இரண்டு தாள் தம்ளர். வரும் வழியிலேயே முடிவாகிவிட்டது. மனசு முடிவு செய்ததா, கை முடிவு செய்ததா தெரியாது, அக்காவிடம் நீட்டும்போது கொஞ்சம் சாய்த்தார், அவ்வளவுதான், மடியில் கொட்டியது. "ஐயையோ அக்கா, சுட்டுட்டா?" "ஆறுன காப்பிதாம்ல." அவள் துள்ளி எழுந்து முந்தானையை உதறினாள், பிறகு கோபப்படாமல் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். "கை நடுங்க ஆரம்பிச்சிட்டா ஒனக்கு? அப்பாவுக்கும் இந்தக் கைதான் முதல்ல நடுங்குச்சு." அந்தக் கை நடுங்கவே இல்லை. பாறை மாதிரி இருந்தது. அவள் குழாயடிக்குப் போனாள். வேறு சேலையோடு வருவாள் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்திருந்தார். அதே சேலையோடு வந்தாள், முன்பக்கம் முழுக்க ஈரம், சந்தன நிறம் ஈரத்தில் அடர்ந்து வேறு ஒரு சேலை மாதிரி.

அப்போதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது. இன்னும் ஒரு பொய் உள்ளே போக இடமில்லை. "அக்கா, அந்தச் சேலை..." என்று ஆரம்பித்தார். பிரமு ஈரத்தைப் பிழிந்துகொண்டே, டிவியைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றாள். "என்ன தெரியும்?" "கோடிதான?" எதிரே டிவிக்காரி தாளித்துக்கொண்டிருந்தாள். அக்கா மெதுவாகப் பேசினாள், பக்கத்து நாற்காலிக்குக் கேட்காமல். "அண்ணன் தம்பி எனக்குச் சேலை எடுத்து எம்புட்டு வருசமாச்சு? பொங்கலுக்கு ரூவாதான் குடுத்து விடுவ. திடீர்னு சேலை எடுத்தா, அதுவும் ஜரிகை இல்லாம, பாடை நெறத்துல, நான் என்ன சின்னப்பிள்ளையா? விரிச்ச ஒடனேயே தெரிஞ்சு போச்சு." "அப்புறம் ஏங்க்கா வாங்குன?" "செண்பகா குங்குமம் வச்சு நீட்டுதா. வேண்டாம்னு சொன்னா அந்தப் பிள்ளை மூஞ்சி என்னத்துக்காகும்? வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுல வச்சு அழுதேன். ஒம்மேல மண்ணள்ளித் தூத்தணும்னு வந்துச்சு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்புறம் யோசிச்சேன். கோடின்னா உடுத்தாத சேலைதான? ஒருதடவை உடுத்திட்டா அது பழசு. பழசை எவனும் கோடியாக் கொண்டுவர மாட்டான். அதான் அவுகளுக்கு ஆபரேஷன்னதும் இதையே கட்டிக்கிட்டேன். நீ நினைச்ச காரியத்துக்கு இனிமே இது ஆகாது, பாத்துக்கோ." இப்படி ஒருத்தி யோசிப்பாளா? காலையிலிருந்து அவரை ஒரு வார்த்தை குத்தாமல், சேலை நல்லாருக்கா என்று மட்டும் கேட்டுக்கொண்டு. இல்லை, குத்தினாள், குத்தியது அவருக்குத்தான் உறைக்கவில்லை. "எப்ப எடுத்த?" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆடியில." "ஆடியிலயா?" திரும்பி நேராகப் பார்த்தாள். "தள்ளுபடியிலயா?" அவர் தலையை ஆட்டினார். "அடப்பாவி! என் தாலிக்குத் தள்ளுபடியால?" என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்த்தால் இரண்டும்தான். அவருக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "லோகுவுக்கு வெறுங்கையோட போனேம்லக்கா." "அது எனக்குத் தெரியாதால? அதுக்காக இப்படி முன்கூட்டியே போய் நிப்பியா?" பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரல் மாறி, "என்னைத் தொட்டுச் சொல்லு. இன்னொண்ணு எடுத்து வைக்க மாட்டேன்னு. அந்த நாள் வந்தா வெறுங்கையோடயே வா. வந்து பக்கத்துல உக்காரு, போதும்" என்றாள். "எடுக்க மாட்டேங்க்கா" என்று அவள் கையைத் தொட்டார். ஈரமாக இருந்தது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தார். மன்னித்துவிட்டது நிம்மதியாக இல்லை, கனமாக இருந்தது. அவள் திட்டித் தீர்த்திருந்தால் பாரத்தில் பாதி அவள் பக்கம் போயிருக்கும், இப்போது முழுசும் இவர் மடியில்.

கதவு திறந்தது. "தளவாய் கூட வந்தவங்க யாரு?" ஆவுடையப்பன் முழங்காலிடம் கேட்காமலேயே எழுந்து நின்றார். நர்ஸ் பெண் வாய்மூடியைக் கீழே இறக்கிவிட்டு, "நல்லா இருக்காங்க. மயக்கம் தெளிஞ்சிட்டு வருது. ஒருத்தர் மட்டும் வந்து பாருங்க" என்றாள். பிரமு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள், எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். "நீ போல மொதல்ல. நான் பாத்தா அழுதுருவேன், அவுக பயந்துருவாக." போனார். பச்சைத் துணி போர்த்தி அத்தான் கிடந்தார், பல்செட்டைக் கழற்றியிருந்ததால் வாய் உள்வாங்கி, யாரோ ஒரு சின்னப் பையனுக்குக் கிழவேஷம் போட்ட மாதிரி. மனசுக்குள் அவர் எத்தனையோ தடவை கிடத்திப் பார்த்த முகம் இது இல்லை. அந்த முகம் அமைதியாக, மரியாதையாக, வசதியாக இருந்தது. இது எச்சில் வழிந்துகொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைத் தேடுகிறது. "ஆரு... ஆவுடையப்பனா?" "நாந்தான் அத்தான்." "சாப்பிட்டியா?" காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் உள்ளே போகவில்லை. "சாப்பிட்டேன் அத்தான்." "அக்காளும்?" "அக்காளும்." அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். ஆவுடையப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மார்பையே பார்த்து நின்றார். பச்சைத் துணி ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. அப்புறம் கொஞ்சம் நின்றது. வயசான மூச்சு அப்படித்தான், நடுவில் நின்று இளைப்பாறிவிட்டுத்தான் கிளம்பும், அவருடையதும் அப்படித்தான், அவருக்குத் தெரியும். ஆனாலும் அது நின்ற அந்த இடத்தில், அது மறுபடி கிளம்புவதற்குள், அடுத்தது என்ன நிறத்தில் எடுக்கலாம் என்று மனசு கேட்டுவிட்டது. கேட்டது அவர் காதிலும் விழுந்தது. அக்கா கையைத் தொட்ட ஈரம் விரலில் இன்னும் காயவில்லை. துணி மறுபடி ஏறியது. அவர் குனிந்து, ஊசி குத்தாத கையைத் தேடி எடுத்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டு, "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டார். தூங்குகிற மனிதரை எழுப்பக்கூடாது என்று நர்ஸ் சொல்லியும் கேட்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.